எல்லாமே குண்டுதானா? துப்பாக்கி, பீரங்கிப் படங்களைப் பார்த்து அடையாளம் சொல்வது எப்படி

பாண்டியில் எங்கள் தெரு வாசகசாலையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை க்விஸ் நடக்கும். கேள்வி தயாரிப்பது என் வேலை. போன மழைக்காலத்தில், படம் பார்த்துப் பெயர் சொல்லும் சுற்றுக்கு ஆயுதங்களை எடுத்துக்கொண்டேன். பையன்களுக்கு அதில் ஒரு வெறி உண்டு. மொபைல் கேம் ஆடி ஆடி, பெயர்களெல்லாம் நாக்கு நுனியில் நிற்கும்.

ஐந்தாவது படம். கீழே சங்கிலிச் சக்கரம், மேலே இரும்புப் பெட்டி, முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு குழல். "டேங்க்!" என்று ஒருவன் கத்தினான். பத்து மார்க் என்று போர்டில் எழுதக் கையைத் தூக்கினேன்.

பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த பெரியவர் ஒருவர் பின்வரிசையிலிருந்து சொன்னார்: "தம்பி, அது டேங்க் இல்லப்பா. பீரங்கி. சங்கிலிச் சக்கரத்துல ஏத்தி வெச்சிருக்காங்க, அவ்ளோதான்."

கடலூர்க்காரர். ராணுவத்தில் பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். என் கையிலிருந்த விடைத்தாளிலும் டேங்க் என்றுதான் இருந்தது. இணையத்தில் யாரோ போட்டிருந்ததை அப்படியே எடுத்து வைத்திருந்தேன். பையனுக்கு மார்க் போச்சு, எனக்கு மானம் போச்சு.

அன்று சாயந்திரம் டீக்கடையில் அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கு வித்து. "பேரை மனப்பாடம் பண்ணாதீங்க தம்பி. மூணு கேள்வி கேளுங்க. எப்படி ரொப்புறாங்க? எப்படிப் போவுது? போய் என்னா பண்ணுது? பேரு தானா வந்து நிக்கும்."

## குண்டு என்றால் எந்தக் குண்டு?

முதல் குழப்பம் நம் மொழியிலேயே இருக்கிறது. தமிழில் 'குண்டு' என்ற சொல் பாவம், ஓய்வே இல்லாமல் உழைக்கிறது. துப்பாக்கியிலிருந்து வருவது குண்டு, பீரங்கியிலிருந்து வருவது குண்டு, விமானம் போடுவது குண்டு, கையால் எறிவது குண்டு. போதாததற்கு பல்பிலும் குண்டு பல்பு, கோலியிலும் கோலிக்குண்டு. உருண்டையானது என்பதுதான் அடிப்படைப் பொருள். 300 வருஷத்துக்கு முன்னால் அது பொருத்தமான பெயரும்கூட. ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றி உருண்டையாக எடுத்தார்கள், அதைத்தான் சுட்டார்கள். இன்றைக்குத் துப்பாக்கியிலிருந்து வருவது உருண்டை இல்லை. நுனி கூரான சின்ன உலோகத் துண்டு. உருவம் மாறிய பிறகும் பழைய பெயரையே வைத்துக்கொண்டோம்.

பெரியவர் ராணுவத்தில் பேசிய இந்தியில் இந்தச் சிக்கல் இல்லையாம். "கோலின்னா துப்பாக்கிக்கு, கோலான்னா தோப்புக்கு. தோப்புன்னா தென்னந்தோப்பு இல்ல, பீரங்கி." ஈழத்துத் தமிழிலும் குழப்பம் கிடையாது. பீரங்கியிலிருந்து வந்தால் அங்கே ஷெல், விழுவது ஷெல்லடி. கிபிர் என்றால் குண்டு போடும் போர் விமானம், வானத்திலிருந்து வருவது. போருக்குள் வாழ்ந்தவர்கள் சத்தத்தை வைத்தே பிரித்துச் சொல்வார்கள். நமக்கு அந்தக் கட்டாயம் வரவில்லை, ஆகவே ஒரே சொல்லில் காலம் தள்ளுகிறோம்.

பிரித்துக்கொள்ள ஒரு சுலப வழி: குழல் இருக்கிறதா என்று பாருங்கள். குழல் வழியாகச் சுடப்பட்டு வருவது சிறியதாக இருந்தால் புல்லட், பெரியதாக இருந்தால் ஷெல். பொதுவாக 20 மில்லிமீட்டர் விட்டத்தை எல்லைக்கோடாக வைத்துக்கொள்வார்கள். குழலே இல்லாமல் மேலிருந்து விழுவது பாம், அதாவது வெடிகுண்டு. கையால் எறிவது கிரனேடு. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு மாதுளம்பழம் என்று பொருள் என்பது பாண்டிக்காரர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய துணுக்கு.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னையைத் தாக்கியதை இன்றும் 'எம்டன் குண்டு போட்டான்' என்றுதான் சொல்கிறோம். 'போட்டான்' என்றதும் ஏதோ ஆகாயத்திலிருந்து விழுந்த மாதிரி ஒரு படம் மனதில் வருகிறது. உண்மையில் அது கடலில் நின்ற கப்பல், அதன் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகளால் சுட்டது. வந்து விழுந்தவை ஷெல்கள். க்விஸில் 'எம்டன் சென்னை மீது போட்டது என்ன' என்று கேட்டால் பாதிப் பேர் பாம் என்று சொல்வார்கள்.

## 21 குண்டு முழங்க, ஆனால் குண்டே இல்லை

தலைவர் யாராவது இறந்தால் '21 குண்டுகள் முழங்க அரசு மரியாதையுடன் நல்லடக்கம்' என்று செய்தி வரும். போலீஸார் வானத்தை நோக்கித் துப்பாக்கியைப் பிடித்துச் சுடுவார்கள். சுட்ட குண்டெல்லாம் எங்கே போய் விழும், யார் தலையிலாவது விழாதா என்று சின்ன வயதில் எனக்கு ஒரே கவலை.

விழாது, ஏனென்றால் அதில் குண்டே இல்லை. தோட்டா இருக்கிறது, குண்டு இல்லை. இரண்டும் வேறு வேறு.

தோட்டா என்பது முழுப் பொட்டலம். அதில் நான்கு சாமான் உண்டு. வெளியே பித்தளைக் குப்பி. குப்பியின் அடியில் நடுவில் ஒரு பொட்டு. தீபாவளிக்குக் கல்லால் தட்டி வெடிக்கிறோமே, அந்தப் பொட்டு வெடியின் அண்ணன். ஆங்கிலத்தில் அதைப் பிரைமர் என்பார்கள். குப்பிக்குள் மருந்து. வாயில் அடைத்தாற்போல் உட்கார்ந்திருப்பது புல்லட். விசையை இழுத்தால் ஒரு ஊசி பொட்டைத் தட்டும், பொட்டு மருந்தைப் பற்றவைக்கும், மருந்து எரிந்து வாயுவாகும், வாயு புல்லட்டைக் குழல் வழியே பிடித்துத் தள்ளும். குப்பி பின்னாலேயே தங்கிவிடும். தரையில் பொலபொலவென்று விழுவதாகப் படத்தில் காட்டுவார்களே, அவை காலிக் குப்பிகள். அரசு மரியாதைக்குப் போடுவது வெற்றுத் தோட்டா. குப்பி, பொட்டு, மருந்து மூன்றும் இருக்கும், புல்லட் மட்டும் வைக்கப்பட்டிருக்காது. சத்தம் உண்டு, சரக்கு இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: தோட்டா முழுப் பொட்டலம், அதிலிருந்து பறந்து போவது மட்டும் புல்லட். பெரிய குழலிலிருந்து போனால் ஷெல். குழல் இல்லாமல் விழுந்தால் பாம்.

## எப்படி ரொப்புறாங்க?

தீபாவளித் துப்பாக்கி வாங்கித் தந்த எந்த அப்பாவும் தன்னை அறியாமல் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறார். ரிங் கேப் துப்பாக்கி நினைவிருக்கிறதா? சிவப்பு பிளாஸ்டிக் வளையத்தில் எட்டுப் பொட்டு. ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் வளையம் ஒரு கட்டம் சுழன்று அடுத்த பொட்டைச் சுத்தியலின் கீழ் கொண்டுவரும். அதுதான் ரிவால்வர். நிஜ ரிவால்வரில் வளையத்துக்குப் பதில் நடுவில் குண்டாக ஓர் உருளை இருக்கும். பெரும்பாலும் ஆறு துளை, துளைக்கு ஒரு தோட்டா.

பிஸ்டலில் அந்த உருளை கிடையாது. தோட்டாக்கள் ஒரு பெட்டியில் அடுக்காகக் கைப்பிடிக்குள் போய் உட்காரும். அந்தப் பெட்டிக்கு மேகசின் என்று பெயர். சுட்டதும் மேல்பாகம் பின்னால் சறுக்கிக் காலிக் குப்பியை வெளியே தள்ளும். திரும்பும்போது அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். ஆகவே சுட்ட இடத்தில் பிஸ்டல் குப்பியை உதறிவிட்டுப் போகும், ரிவால்வர் குப்பியைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். துப்பறியும் கதையில் 'ரிவால்வரால் சுட்டான், தரையில் குப்பி கிடந்தது' என்று வந்தால் எழுதியவரை நிறுத்தி ஒரு கேள்வி கேட்கலாம்.

நம் ஊர் போலீஸ் கையில் பல காலம் இருந்த த்ரீ நாட் த்ரீ, அதாவது லீ என்ஃபீல்டு துப்பாக்கி, இன்னொரு வகை. பத்துத் தோட்டா கொள்ளும் மேகசின் உண்டு. ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் பிறகு பக்கத்திலுள்ள கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மறுபடி மடக்க வேண்டும். கதவுத் தாழ்ப்பாள் போடுகிற அதே வேலை. தாழ்ப்பாள் போல ஒரு பிடி பக்கவாட்டில் தெரிந்தால் அது 'போல்ட் ஆக்‌ஷன்' வகை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

இனி எல்லோருக்கும் பிடித்த ஏ.கே. 47. வளைந்த மேகசின் உள்ள எந்தத் துப்பாக்கியைக் காட்டினாலும் கூட்டத்திலிருந்து இந்தப் பெயர்தான் வரும். அந்த மேகசின் ஏன் வளைந்திருக்கிறது என்று கேளுங்கள், மயான அமைதி. ஸ்டைலுக்காக இல்லை. அதில் போடும் தோட்டாவின் குப்பி அடியில் பருத்து மேலே ஒடுங்கியிருக்கும். அப்படிப்பட்டவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடுக்கு நேராக நிற்காது, வளையும். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டும் கல்லைப் பாருங்கள். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். பத்துக் கல்லைச் சேர்த்தால் தானாகவே வட்டத்தின் ஒரு துண்டு வந்துவிடும். அதே கணக்கு. நம் ராணுவத்தின் பழைய எஸ்.எல்.ஆர். துப்பாக்கியில் போடும் தோட்டாவுக்கு இந்த ஒடுக்கம் மிகக் குறைவு, அதனால் அதன் மேகசின் நேர்ப்பெட்டி. இன்சாஸ் துப்பாக்கிக்கு உள்ளே தோட்டா மங்கலாகத் தெரிகிற பிளாஸ்டிக் மேகசின். படத்தில் அது கண்ணில் பட்டாலே விடை கிடைத்துவிட்டது.

இன்னொன்று. ஏ.கே. 47 என்று நாம் காட்டுவதில் முக்கால்வாசி அதுவே இல்லை. 1959-இல் சோவியத் ராணுவம் அதைத் திருத்தி எடை குறைத்து ஏ.கே.எம். என்று கொண்டுவந்தது. முன்னதில் உடல்பகுதி இரும்புக் கட்டியைக் கடைந்து எடுத்தது. இதில் தகட்டை அழுத்தி மடித்தது. குழல் நுனியில் மூங்கில் பேனாவைச் சாய்த்துச் சீவியதுபோல ஒரு வெட்டும் இருக்கும், அதுதான் எளிய அடையாளம். சீனர்கள் செய்த டைப் 56 வகையில் முன்பக்கக் குறிமுள்ளைச் சுற்றி முழு வட்டமாக வளையம் இருக்கும். ரஷ்யத் துப்பாக்கியில் அந்த வட்டம் மேலே திறந்திருக்கும். இந்த மூன்றையும் ஏ.கே. குடும்பம் என்று சொல்வது சரி. மூன்றையும் ஏ.கே. 47 என்று சொன்னால் நான் இப்போதெல்லாம் அரை மார்க்தான் தருகிறேன்.

## எண்களின் மாயம்

7.62, 5.56, .303, 12 போர் (சண்டைப் போர் இல்லை, ஆங்கிலத்தின் bore, குழல் ஓட்டை). கேட்டவுடன் பெரிய எண் பெரிய பலம் என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் வழுக்கும்.

கேலிபர் என்றால் குழலின் உள் விட்டம். 7.62 என்றால் 7.62 மில்லிமீட்டர். புள்ளி வைத்து .303 என்று எழுதினால் அங்குலக் கணக்கு: ஒரு அங்குலத்தில் 0.303 பங்கு, சுமார் 7.7 மில்லிமீட்டர். இவ்வளவுதான் விஷயம். ஆனால் விட்டம் பலத்தைச் சொல்லாது.

என்.சி.சி.யில் இருந்தவர்கள் .22 துப்பாக்கியால் சுட்டிருப்பார்கள். .22 அங்குலம் என்பது கிட்டத்தட்ட 5.6 மில்லிமீட்டர். ராணுவத்தின் இன்சாஸ் 5.56. குழல் அளவில் இரண்டும் அக்கா தங்கை. ஆனால் என்.சி.சி. தோட்டாவின் புல்லட் சுமார் 2.6 கிராம் எடையில் நொடிக்கு 330 மீட்டர் போல் போகிறது. இன்சாஸ் புல்லட் சுமார் 4 கிராம், நொடிக்கு 900 மீட்டர் போல். எடையையும் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இரண்டாவதன் ஆற்றல் முதலாவதைப் போல் பத்து மடங்குக்கு மேல். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்கும் இரண்டு லிட்டர் பாட்டிலுக்கும் மூடி ஒரே அளவு. மூடியை மட்டும் பார்த்து எவ்வளவு தண்ணீர் என்று சொல்ல முடியுமா?

அதனால்தான் இரண்டாவது எண் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறார்கள். ஏ.கே. 47-க்கு 7.62×39. எஸ்.எல்.ஆருக்கு 7.62×51. பின்னால் வருவது குப்பியின் நீளம், மில்லிமீட்டரில். நீளமான குப்பியில் அதிக மருந்து. இரண்டும் 7.62-தானே என்று ஒன்றன் தோட்டாவை மற்றதில் போட முடியாது.

12 போர் துப்பாக்கி கதையே தனி. கொல்லையில் பன்றி விரட்ட வைத்திருப்பார்களே, அந்த வகை. அதன் 12 மில்லிமீட்டரும் இல்லை, அங்குலமும் இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால் அதில் ஒன்று எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ, அது 12 போர். கணக்குப் போட்டால் சுமார் 18.5 மில்லிமீட்டர். ஒரே ஈயத்தை 20 உருண்டையாக்கினால் ஒவ்வொன்றும் சிறுத்துப்போகும் அல்லவா? அதனால் 20 போர் 12 போரைவிடச் சின்னது. எண் ஏற ஏற ஓட்டை சுருங்கும். ஒரே மாவில் இட்லி எண்ணிக்கையைக் கூட்டினால் இட்லி இளைக்கிற மாதிரி. இந்தத் துப்பாக்கியில் பெரும்பாலும் ஒற்றைக் குண்டு போட மாட்டார்கள், சின்னச் சின்ன உருண்டைகளைச் சேர்த்துப் போடுவார்கள். தமிழில் அதற்கு ரவை என்று அருமையான சொல் இருக்கிறது.

சுருக்கமாக: கேலிபர் குழலின் அகலம் மட்டுமே, பலம் குப்பிக்குள் இருக்கிறது, போர் கணக்கில் எண் கூடினால் அளவு குறையும்.

## எப்படிப் போவுது?

பம்பரம் சுற்றும்வரை நிமிர்ந்து நிற்கும், நின்றால் சாயும். பறக்கும் புல்லட்டுக்கும் அதே விதி. சும்மா தள்ளிவிட்டால் காற்றில் குட்டிக்கரணம் போட்டுத் திசைமாறும். அதற்காகக் குழலின் உட்சுவரில் திருகாணி மரை போலச் சுற்றிச் சுற்றி ஓடும் பள்ளங்களை வெட்டினார்கள். புல்லட் அதைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி வெளியே வரும். இந்தப் பள்ளத்துக்கு ரைஃபிளிங் என்று பெயர். பள்ளம் உள்ளதால் அது ரைஃபிள். நீளமான துப்பாக்கியெல்லாம் ரைஃபிள் ஆகிவிடாது. 12 போருக்கு உட்சுவர் வழுவழு. 18-ஆம் நூற்றாண்டில் கடலூரிலும் பாண்டியிலும் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட காலத்து மஸ்கட் துப்பாக்கிகளுக்கும் அப்படித்தான். பிரிட்டிஷ் ராணுவத்தின் பிரவுன் பெஸ்ஸுக்கு முக்கால் அங்குலக் குழல், பிரெஞ்சு சார்ல்வில்லுக்கு .69 அங்குலம். சரித்திரப் படத்தில் 1750-களின் சிப்பாயைக் காட்டி 'ரைஃபிளை எடுத்தான்' என்று வசனம் வந்தால் சிரித்துக்கொள்ளலாம்.

புல்லட் கதை இது. பெரிய குழல்களில் கவனிக்க வேண்டியது அது போகும் பாதை. வெள்ளிக் கடற்கரையில் கிரிக்கெட் ஆடியவர்களுக்குச் சுலபமாகப் புரியும். பக்கத்திலிருந்து ஸ்டம்பைக் குறிவைத்து எறிந்தால் பந்து நேர்க்கோடாகப் போகும். நேர் பீரங்கி அப்படி. எல்லைக்கோட்டிலிருந்து கீப்பருக்கு எறிந்தால் பந்து வில்லாக வளைந்து வரும், அது ஹோவிட்சர். நடுவில் சுவர் இருக்கிறது, பின்னால் நிற்பவனுக்குப் போட வேண்டும் என்றால் செங்குத்தாக உயர்த்தித்தான் போடுவோம், அது மோர்ட்டார். போஃபர்ஸ் பீரங்கி, போஃபர்ஸ் பீரங்கி என்று 1980-களின் கடைசியில் பேப்பரில் நிதமும் படித்தோமே, அது ஒரு ஹோவிட்சர். மலைக்கு அந்தப் பக்கம் உள்ள இலக்கை இந்தப் பக்கமிருந்தே அடிக்க முடிந்ததால்தான் கார்கில் போரில் அதற்கு அவ்வளவு பெயர்.

மோர்ட்டார் என்றால் உரல். உவமையில்லை, நிஜமாகவே ஐரோப்பியர்கள் உரலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். அந்தக்காலத்து மோர்ட்டார் குட்டையாக, வாய் அகன்று, அசல் நம் வீட்டு உரல் போலவே இருக்கும். இன்றைய மோர்ட்டார் ஒல்லிக் குழாயாக மாறினாலும் பெரும்பாலும் ரொப்புவது மேலே வாய் வழியாகத்தான்.

பாதை, உயரம் என்றதும் கடலூர்க்காரர்களுக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து வாங்கியது. சென்னையில் அப்போது எலிஹு யேல் தலைமை. விலையில் கோட்டை மட்டும் சேர்த்தி இல்லை; கோட்டையிலிருந்து ஒரு பீரங்கியைச் சுட்டால் குண்டு எங்கே விழுகிறதோ அதுவரையுள்ள ஊர்களும் சேர்த்தி. சென்னையிலிருந்து பெரிய பித்தளைப் பீரங்கி ஒன்று வரவழைக்கப்பட்டது. பல திசையில் சுட்டார்கள், விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்கள் கம்பெனிக்குப் போயின. குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பெயர்.

ஒப்பந்தத்தில் இருந்த ஆங்கிலச் சொல் 'ராண்டம் ஷாட்'. இன்றைய அர்த்தத்தில் 'குத்துமதிப்பாகச் சுட்டது' என்று படித்துவிட்டுக் கடந்துபோகிறவர்கள் அதிகம். அன்றைய பீரங்கிக்காரர் பேச்சில் அது ஒரு தொழில்நுட்பச் சொல். குழலைத் தரைக்குச் சமமாக வைத்துச் சுடாமல், மேல்நோக்கி உயர்த்தி, போகக்கூடிய அதிகபட்ச தூரத்துக்குச் சுடுவதுதான் அது. காற்றின் தடை இல்லையென்று வைத்துக்கொண்டால் 45 டிகிரி சாய்வில் எறியும் பொருள்தான் அதிக தூரம் போகும். விற்றவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்ததோ இல்லையோ, வாங்கியவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

## டேங்கா, இல்லையா?

என் மானம் போன படத்துக்கு வருவோம். அது கே9 வஜ்ரா. 155 மில்லிமீட்டர் ஹோவிட்சரைச் சங்கிலிச் சக்கர வண்டியில் ஏற்றியது. இழுக்க லாரி தேவையில்லை, தானே நகரும்.

டேங்க் எதிரியை நேருக்கு நேர் பார்த்துச் சுடும், பதிலடியைத் தன் கவசத்தில் தாங்கும். கே9 30 கிலோமீட்டருக்கும் அப்பால் நின்று வளைத்து அனுப்பும். அடி வாங்கும் இடத்தில் அது நிற்கவே நிற்காது. வேலை வேறு, அதனால் உடம்பும் வேறு. டேங்குக்கு எஞ்சின் பொதுவாகப் பின்னால், சுழலும் கோபுரம் நடுவில், தாழ்வாக. கே9-க்கு எஞ்சின் முன்னால், கோபுரம் வண்டியின் பின்கோடியில், ஆள் உயரப் பீரோ மாதிரி. குழல் நுனியில் துளைகளோடு ஒரு தடித்த மூக்கு இருக்கும், பின்னுதைப்பைக் குறைக்க. ஆவடியில் செய்யும் அர்ஜுன் டேங்கிலோ டி-90-லோ அந்த மூக்கு கிடையாது.

பெரியவர் சொன்ன இன்னொரு பொறியும் உண்டு. பீரங்கி விவரத்தில் '155/52' என்று எழுதியிருப்பார்கள். 155 விட்டம், சரி. 52 என்ன? இங்கே கேலிபர் என்பது நீள அளவாக வேஷம் மாறுகிறது. விட்டத்தைப் போல் 52 மடங்கு குழல் நீளம் என்று அர்த்தம். பெருக்கினால் 8 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். பழைய போஃபர்ஸ் 155/39, சுமார் 6 மீட்டர். அதிலிருந்து வளர்ந்த தனுஷ் 155/45, சுமார் 7 மீட்டர். விட்டம் மூன்றுக்கும் ஒன்று. படத்தில் குழல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

## போய் என்னா பண்ணுது?

சினிமாவில் கோட்டை முற்றுகை என்றால் ஒவ்வொரு பீரங்கிக் குண்டும் விழுந்த இடத்தில் தீப்பிழம்பாக வெடிக்கும். அந்தக்காலத்தில் பெரும்பாலான குண்டுகள் திட இரும்பு உருண்டை. வெடிக்க உள்ளே ஒன்றுமே இல்லை. சுவரில் மோதி மோதி உடைக்கும். தரையில் விழுந்தால் தவளைக்கல் போலத் தத்தித் தத்திப் போகும், குறுக்கே வந்தவர்கள் கால் போகும். உள்ளே மருந்து அடைத்துத் திரி வைத்த பொள்ளல் குண்டும் இருந்தது. அதை முக்கியமாக மோர்ட்டாரிலும் ஹோவிட்சரிலும் போட்டார்கள். ஷெல் என்ற பெயரே அதன் ஓட்டினால் வந்தது.

ராக்கெட், ஏவுகணை வித்தியாசத்துக்கு இரண்டே வரி. தன் மருந்தைத் தானே எரித்துக்கொண்டு போனால் ராக்கெட். தீபாவளி ராக்கெட்டும் அதுதான், பக்கத்து வீட்டு மாடிக்குள் நுழைந்தால் நாம் ஒன்றும் செய்ய முடியாது. கிளம்பிய பிறகும் வழியைத் திருத்திக்கொண்டு போனால் ஏவுகணை.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் படத்துக்கும் மியூசியத்துக்கும்தான். கடற்கரையிலோ மீன் வலையிலோ துருப்பிடித்த உருளை ஏதாவது கிடைத்தால் எந்த வகை என்று புரட்டிப் பார்க்க வேண்டாம். தள்ளி வந்து 112-க்குப் போன் பண்ணுங்கள். துருப்பிடித்ததால் உள்ளே இருக்கும் மருந்து செத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

## எந்த ஊர் பவுண்டு?

பழைய இரும்புப் பீரங்கிகளை மில்லிமீட்டரில் சொல்வதில்லை. அது தின்னும் குண்டின் எடையில் சொல்வார்கள்: 6 பவுண்டு பீரங்கி, 12 பவுண்டு, 24 பவுண்டு. பீரங்கியின் எடை என்று நினைத்துவிடக் கூடாது. 24 பவுண்டு பீரங்கியே இரண்டு டன்னுக்கு மேல் இருக்கும்.

பீரங்கி என்ற சொல்லே ஐரோப்பியரைக் குறித்த 'ஃபரங்கி'யிலிருந்து வந்ததுதான். கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையும் நாம் சாம்பாரில் போடும் பரங்கிக்காயும் அதே வேரில் பிறந்த பங்காளிகள். ஆனால் எந்தப் பரங்கி என்பதில்தான் சூட்சுமம். பிரிட்டிஷ் பவுண்டு 453.6 கிராம். புரட்சிக்கு முந்தைய பிரெஞ்சு பவுண்டு 489.5 கிராம். 24 பவுண்டு பிரிட்டிஷ் குண்டு 10.9 கிலோ, 24 பவுண்டு பிரெஞ்சுக் குண்டு 11.7 கிலோ. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூருக்கு வந்து, பிரிட்டிஷார் கையிலிருந்த தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையை அடித்தபோதும், 1761 ஜனவரியில் பிரிட்டிஷ் தளபதி எய்ர் கூட்டின் படையிடம் பிரெஞ்சுக்காரரின் பாண்டி பணிந்தபோதும் இரண்டு தரப்பிலும் 'இருபத்து நாலு' என்று சொல்லியிருப்பார்கள். ஒருவர் சொன்ன இருபத்து நாலு மற்றவரின் இருபத்து நாலு இல்லை. எதிரியிடம் பிடித்த குண்டு தன் பீரங்கியில் ஏறாமல் போகவும் இது காரணமாகும்.

போன மாதம் கடைசிப் படமாகப் பழைய இரும்புப் பீரங்கி ஒன்றைப் போட்டேன். பக்கத்திலேயே குண்டின் எடை 11.7 கிலோ என்று எழுதி, 'இது எத்தனை பவுண்டு பீரங்கி?' என்று கேள்வி. பையன்கள் மொபைல் கால்குலேட்டரைத் தட்டி 'இருபத்தாறு' என்று கத்தினார்கள். பெரியவரின் பேத்தி மட்டும் கையைத் தூக்கி, பதில் சொல்லாமல், "அண்ணா, இது எங்க ஊர் கோட்டைல இருந்ததா, உங்க ஊர் கோட்டைல இருந்ததா?" என்று கேட்டாள். பின்வரிசையில் தாத்தா மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். 'உங்க ஊர்' என்றேன் முதலில், பிறகு விடைத்தாளைப் பார்த்து, 'இல்ல, எங்க ஊர்' என்று திருத்தினேன்.

"அப்போ இருபத்து நாலு" என்றாள்.